ஊசி போடாத பாதி

ஊசி போடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, குத்தி அழுத்தினால் போயிற்று என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அப்படிச் சொல்பவரைக் கூப்பிட்டு கீலாய்டு என்கிற, கெட்டியாகத் தடித்து முற்றிய தழும்பு ஒன்றில் ஊசி போட விட்டு நான் பக்கத்தில் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்று ஆசை. தேய்ந்த ரப்பர் செருப்பின் குதிகாலில் ஊசியை இறக்கிப் பாருங்கள், அதுதான். மருந்து உள்ளே போகாது. பலமாக அழுத்தினால் ஊசி கழன்று மருந்து நம் முகத்தில் அடிக்கும். நோயாளி வலியில் முனகுவார், பின்னால் நிற்கும் டாக்டர் பெருமூச்சு விடுவார். இந்த வேலையை நான் சிங்கப்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் தாதியாக எழுபதுகளிலிருந்து செய்து வந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் தேவாலயத்துக்கு வரும் ஓர் இளம் டாக்டர். ஞாயிறு பூசை முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தழும்பு தடிப்பதற்கும் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் சம்பந்தம் இருப்பதைப் பற்றியும், அந்த அணுக்களை அடக்கும் புது மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பதைப் பற்றியும் ஆசையாகச் சொன்னாள். அவள் சொன்ன பெயர்களில் பாதி எனக்கு வாயில் நுழையவில்லை. ஆனால் விஷயம் நுழைந்தது. பொங்கோலில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது எனக்கு ஓர் அக்காவும் தம்பியும் நினைவுக்கு வந்துவிட்டார்கள், வீடு வந்து சேர்ந்த பிறகும் போகவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கஞ்சி போட்ட தொப்பி, விடுதிச் சாப்பாடு, முதல் பிணம், எல்லாம் எனக்கும் அதேதான். தோல் பிரிவுக்குப் போட்ட அன்று மட்டும் நான் குளியலறையில் அழுதேன். உயிரைக் காப்பாற்ற வந்தவளைச் சொறி சிரங்கு பார்க்க அனுப்பிவிட்டார்களே என்று கோபம். அந்தக் கோபத்தைக் கரைத்தவர் டாக்டர் கோ.

டாக்டர் கோ ஒல்லியான சீனர். சிரிக்கத் தெரியாதவர் என்று எல்லோரும் சொல்வார்கள். தெரியும், நேரம்தான் இல்லை. அறைக்குள் குளிர்சாதனத்தில் கை விறைக்கும் என்பதால், நோயாளியைத் தொடும் முன் சூடான தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். தேநீரைக் குடித்து நான் பார்த்ததில்லை. தமிழ் நோயாளிகளிடம் பேச அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை, "அரிக்குதா?" மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் முதலில் கேட்பார், தழும்பைப் பார்ப்பதற்கும் முன்னால். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். கீலாய்டு என்பது ஆறாத புண் இல்லை, ஆறி முடிக்கத் தெரியாத புண் என்றார். நம் அடுக்குமாடி வீட்டில் சுவரில் ஓட்டை விழுந்தால் வீடமைப்புக் கழகத்துக்குச் சொல்கிறோம், அவர்கள் கொத்தனாரை அனுப்புகிறார்கள், பூசி முடித்ததும் போதும் போங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உடம்பில் கொத்தனாரைக் கூப்பிடுவதும் எதிர்ப்பு அணுக்கள்தான், போதும் என்று சொல்வதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கும்போல. சிலர் உடம்பில் அந்தப் 'போதும்' வருவதே இல்லை. கொத்தனார் பூசிக்கொண்டே இருக்கிறான், சுவர் வீட்டுக்குள் புடைத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வாமையில் தடித்து அரிக்குமே, அதற்குக் காரணமான அணுக்கள் இந்தத் தழும்புகளிலும் கூட்டமாக இருக்கின்றன. ஆகவே அரிப்பு இருந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா இது பாதி ஊகம் ரீத்தா, எங்கேயும் போய்ச் சொல்லிடாதே" என்றார்.

அரிப்பைக் கேட்ட பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தழும்பைத் தொடுவார். பார்த்தால் நிறம் ஏமாற்றும், விரல் ஏமாறாது என்பது அவர் கட்சி. தொட்டுவிட்டு ஒரே வார்த்தை சொல்வார்: நெற்றி, மூக்கு, அல்லது உதடு. நெற்றியைத் தொட்டால் எலும்பு, அவ்வளவு கெட்டி என்றால் முற்றிய கீலாய்டு. மூக்கு நுனிபோல் இருந்தால் இறங்கி வருகிறது. உதடுபோல் ஆகிவிட்டால் ஊசியை நிறுத்தலாம். புதிதாக வரும் தாதியர் எல்லோரும் தங்கள் முகத்தைத் தாங்களே தொட்டுத் தொட்டுப் பழக வேண்டும். வெளியே காத்திருக்கும் நோயாளிகள் எங்களைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, தெரியாது.

ஊசிக்கும் ஒரு முறை இருந்தது. மருந்து ஸ்டீராய்டு, பால்போல வெள்ளை. வைத்தால் கரைத்த மாவு மாதிரி அடியில் தங்கிவிடும், ஏற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும். திருகிப் பூட்டும் கண்ணாடி ஊசிக்குழாய்தான் பயன்படும், சொருகுவது கழன்றுவிடும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றித் தழும்பின் மேல் வைத்து மரத்துப்போக விடுவோம். பிறகு தழும்பின் ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் ஊசியை நுழைத்து, பின்னால் இழுத்துக்கொண்டே மெல்ல அழுத்த வேண்டும். தழும்பு வெளுத்தால் மருந்து சரியான இடத்தில் இருக்கிறது. பக்கத்துத் தோல் வெளுத்தால் தப்பு, அங்கே குழி விழுந்துவிடும். பெரிய தழும்பை டாக்டர் கோ ஒரே நாளில் முடிக்க மாட்டார். முதலில் ஒரு பாதி. அது இறங்கிய பிறகே மறு பாதி. மருந்து அளவு மிஞ்சக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஊசி போடாத பாதியைத் தொட்டால்தான் போட்ட பாதியின் அருமை தெரியும் என்பார். என்ன பிடிவாதம் இது, பாவம் நோயாளி, ஒரே தடவையில் முடித்தால் என்ன என்று நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தேவகி வந்தாள். சிராங்கூன் ரோட்டில் ஒரு சேலைக் கடையில் வேலை. அந்தக் கடைகளில் விற்பனைப் பெண்கள்தான் பொம்மை. நீங்கள் ஒரு சேலையைக் காட்டினால், அவள் அதைத் தன் மேல் சுற்றி, மடிப்பு வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுத் திரும்பிக் காட்ட வேண்டும். தேவகி அதில் கெட்டிக்காரி, அவள் உடுத்திக் காட்டினால் வந்தவர் வாங்காமல் போகமாட்டார் என்று பெயர். தம்பி சுகுமாரன் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சாமான் அறைக் குமாஸ்தா. இருபத்து சொச்சம் வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அக்காவின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து வைக்கலாம் என்றார்கள். அப்பா இல்லை. தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் இவர்கள் இருவரும்தான். கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணை வெட்டக் கொடுக்கமாட்டேன் என்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாராம். தேவகி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் அம்மாவிடம் சொன்னாள்.

சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்திவிட்டது. மிச்சம் இருந்தது தேவகியின் இடது விலாவுக்குக் கீழே முதுகிலிருந்து வயிறு வரை போன வெட்டு. அந்தக் காலத்தில் வெட்டு அப்படித்தான், பெரிதாக இருக்கும். அது விரல் தடிமனுக்கு எழுந்து, சிவந்து, பாவாடை நாடா பட்டாலே எரியும் நிலைக்கு வந்துவிட்டது. சேலை கட்டினால் இடது இடுப்புதான் வெளியே தெரியும் என்பது பெண்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் முகத்தைச் சுளித்தாராம். முதலாளி நல்லவர்தான், திட்டவில்லை. அவளைப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

முதல் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவன் சுகுமாரன்தான். டாக்டர் கோ வழக்கம்போல அரிக்குதா என்றார். ராத்திரி தூங்க முடியலை என்றாள். தொட்டார். நெற்றி. தோளில் பள்ளிக்கூடத்தில் போட்ட காசநோய்த் தடுப்பூசி இடத்தைக் காட்டச் சொன்னார். அங்கேயும் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. அவள் உடம்பு வாகு அது. பிறகு என்ன தோன்றியதோ, தம்பியின் சட்டையைத் தூக்கச் சொன்னார்.

அவனுடைய அடிவயிற்று வெட்டு பென்சில் கோடுபோல இருந்தது. தோளைக் காட்டச் சொன்னார். அவனுக்கும் அந்த மேடு சின்ன வயதிலிருந்து இருந்ததாம், இப்போது சுருங்கிப்போய் வெறும் தோல் தொங்கியது. டாக்டர் கோ உற்சாகப்பட்டு அன்றுதான் பார்த்தேன். என்னைக் கூப்பிட்டு இரண்டையும் தொடச் சொன்னார். அக்கா நெற்றி, தம்பி உதடு. ஒரே தாய் தகப்பன், ஒரே வாகு, ஒரே நாளில் கத்தி பட்டது. வித்தியாசம் அவன் தின்னும் மாத்திரைதான் என்றார். அக்காவின் சிறுநீரகத்தை அந்நியன் என்று அடித்து விரட்டாமல் இருக்க, அவன் எதிர்ப்பு அணுக்களை மாத்திரையால் வாயடைத்து வைத்திருக்கிறார்கள். அவை வாயை மூடியதும் தழும்பில் கொத்தனாரைக் கூப்பிட ஆள் இல்லை. "பார்த்தியா ரீத்தா, நான் சொன்னது ஊகம் மட்டும் இல்லை" என்றார்.

சுகுமாரனுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அப்படின்னா அக்காவும் அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா என்று கேட்டான். கூடவே கூடாது, அது எலும்பை அரிக்கும், சர்க்கரையைக் கொண்டுவரும், சின்னக் காய்ச்சலையும் பெரிசாக்கும், உயிருக்காக அதைத் தின்னலாம், தழும்புக்காகத் தின்ன முடியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவன் தலையாட்டினான். நாங்களும் அதோடு மறந்துவிட்டோம்.

தேவகிக்கு வயிற்றுப் பக்கத்துப் பாதியில் ஊசி ஆரம்பித்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள், ஒரு சத்தம் வராது. அரிப்பு குறைந்தது, கெட்டி மெல்ல இறங்கியது. முதுகுப் பக்கத்துப் பாதியைத் தொடவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் வந்தவளைப் பார்த்தால் முகம் பூரித்துக் கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. கடையில் தினம் பிரியாணி போடுகிறார்களா என்று கிண்டல் செய்தேன். பசி அடங்கவே மாட்டேங்குது மிஸி, சும்மா எதையாவது மென்னுக்கிட்டே இருக்கேன் லா என்று சிரித்தாள். இங்கே தாதியரை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள், பேச்சின் கடைசியில் 'லா' ஒட்டுவதும் எங்கள் ஊர் வழக்கம்.

டாக்டர் கோ கண்ணை மூடி முன்பக்கத்தைத் தொட்டார். உதடு. நான் சந்தோஷப்பட்டேன். பின்பக்கத்தைத் தொட்டார். மறுபடி தொட்டார். தேநீர்க் குவளையைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு மூன்றாம் முறையும் தொட்டார். பிறகு மெதுவாக, மூக்கு என்றார்.

பின்பக்கம் அரிக்குதா என்று கேட்டார். அதுவும் நின்றுபோச்சு என்று அவள் ஆனந்தமாகச் சொன்னாள். வேறு எந்த டாக்டராக இருந்தாலும் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"இந்தப் பாதியை நான் தொடவே இல்லை, ரீத்தா. இது என் வேலை இல்லை. இவங்க என்ன சாப்பிடறாங்கன்னு கேளு."

கேட்டேன். நாட்டு மருந்து, சீன மருந்து, சாமியார் கொடுத்த பொடி, எதுவும் இல்லை என்றாள். கடைசியில், சத்து மாத்திரை மட்டும்தான் என்றாள். சிறுநீரகம் கொடுத்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுப்பதாம், தம்பிதான் வாங்கி வருவான், காலையில் பசியாறியதும் அவனே கையில் வைத்துத் தண்ணியும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவான். சின்ன வெள்ளை மாத்திரை, நாக்கில் பட்டால் கசப்பு.

டாக்டர் கோ இழுப்பறையைத் திறந்து ஒரு குப்பியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். இதேதான் என்றாள் தேவகி. அது ஸ்டீராய்டு. அவள் தம்பியின் சிறுநீரகத்தைக் காவல் காக்கும் மாத்திரை.

தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கச் சொன்னார். அதற்கே அவள் குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நாளாகக் காய்ச்சல், கால் வீக்கம், தையல் போட்ட இடத்தில் வலி, டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள், அப்படியும் சரியாகவில்லை என்றாள். எங்கே அவன் என்றால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அக்காவை அவன் ஒரு நாளும் தனியாக அனுப்பியதில்லை.

உள்ளே கூப்பிட்டேன். மேசையில் இருந்த மாத்திரையைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. எதையும் மறைக்கவில்லை. எங்களிடம் முதலில் வந்த நாளிலிருந்தே தன் மாத்திரையில் பாதிக்குப் பாதி கொடுத்திருக்கிறான். டாக்டர் அளவைக் கூட்டியதும், கூட்டியதிலும் பாதி.

"பாதிதான்கா எடுத்தேன். இந்த மாத்திரையாலதான் எனக்கு ஒண்ணும் வரலைன்னு டாக்டரே சொன்னாரு. உன்னைய வெட்டி எனக்கு வச்சிட்டு, நான் வழுவழுன்னு இருக்கேன், நீ பொட்டி அடுக்குறே. எப்படிக்கா பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

தேவகி அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். அவன் கன்னத்தில் அறையத்தான் போகிறாள் என்று நான் ஓர் அடி முன்னால் வந்தேன். அவள் கை அவன் அடிவயிற்றில், சட்டைக்கு மேலே, அந்தச் சிறுநீரகம் இருக்கிற இடத்தில் போய் நின்றது.

"இது உள்ள இருக்கிற வரைக்கும்தான்டா என் தழும்புக்கு ஒரு அர்த்தம். இது செத்துப்போச்சுன்னா அது வெறும் தழும்பு. அப்புறம் அது எவ்வளவு அழகா இருந்தா எனக்கென்ன?"

டாக்டர் கோவுக்கு இதை மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. அவரும் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்துச் சிறுநீரகப் பிரிவைக் கூப்பிட்டார். அன்றே சுகுமாரனைப் படுக்கையில் சேர்த்தார்கள். அவன் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தை அடையாளம் கண்டு தாக்க ஆரம்பித்திருந்தது. நரம்பு வழியாகப் பெரிய அளவில் மருந்து ஏற்றினார்கள். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றார்கள்.

தேவகியின் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. பல மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துவிடும், திடீரென்று நிறுத்தினால் ஆள் சுருண்டு விழுந்துவிடும். ஆகவே அவளுக்கென்று தனியாக எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். தம்பி படுத்திருக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த மாத்திரையை அவள் விழுங்குவாள். இதைப்போல் கசப்பான மாத்திரையை என் வாழ்க்கையில் தின்றதில்லை மிஸி என்றாள்.

டாக்டர் கோவுக்கு அந்தப் பிரிவில் வேலையே கிடையாது. ஆனாலும் தினமும் மாலையில் போய், சிறுநீர் எவ்வளவு என்று தாதியிடம் கேட்டுவிட்டு வருவார். ஒரு மாலை திரும்பி வந்து, குளிர்ந்துபோன தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நோயாளியோட மருந்தைப் பத்தி இன்னொரு நோயாளி முன்னால நான் பேசியிருக்கக் கூடாது. எனக்கு என் ஊகம் பலிச்ச சந்தோஷம்" என்றார். அதற்குப் பிறகு நான் அவரோடு வேலை செய்த காலம் முழுக்க, கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். சிடுமூஞ்சி டாக்டர் என்று பலர் திட்டினார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு காலையில் சிறுநீரகப் பிரிவின் தாதி எங்கள் அறை வாசலில் வந்து நின்று, சுகுமாரனுக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது, காய்ச்சலும் விட்டுவிட்டது என்று சொன்னாள். நான் சாமிப்படத்துக்கு வேண்டிக்கொண்ட மெழுகுவர்த்தி எல்லாம் நினைவுக்கு வந்தது. டாக்டர் கோ தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஆனால் அன்று அந்தத் தேநீரைக் குடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சொட்டு விடாமல்.

மாத்திரை குறையக் குறைய தேவகியின் கன்னம் வடிந்தது, முதுகுப் பக்கத்துப் பாதி மறுபடி நெற்றி ஆனது. அது வரும் என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தோம். அங்கேயும் ஊசி போட்டோம். அரிப்பு அடங்கியது, மேடு முழுசாக இறங்கவில்லை. சிலருக்கு அப்படித்தான். அரிப்பு நின்றதே போதும் என்று அவளே ஊசியை நிறுத்தச் சொன்னாள். சுகுமாரன் வந்தபோது, தினமும் காலையில் அக்கா மாத்திரையைக் கொடுத்து வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்க்கிறாள் என்று என்னிடம் புகார் செய்தான். நல்லா பார்க்கட்டும் என்றேன்.

பிறகு சில வருடம் நான் அவர்களைப் பார்க்கவில்லை. எண்பதுகள் முடியும் சமயம், கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுக்க சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். கடையின் முன்பக்கத்தில், கண்ணாடிக்கு எதிரே, தேவகி ஒரு மயில் கழுத்து நிறப் பட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி அடுக்கும் வேலைக்கு நான் இனிமேல் போகமாட்டேன் என்று முதலாளியிடம் அவளே போய்ச் சொன்னாளாம், அது பிறகுதான் எனக்குத் தெரியும். முந்தானையைத் தோளில் போட்டு அவள் திரும்பியபோது இடது இடுப்பு தெரிந்தது. முன்பாதி வெளுத்துப் படிந்திருந்தது, பின்பாதி தடித்து எழுந்திருந்தது. அவள் அதை மூட முயற்சி செய்யவில்லை.

சேலை பார்க்க வந்த அம்மாள் விலையை விட்டுவிட்டுத் தழும்பையே பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், என்னம்மா இது, இப்படி இருக்கு என்று கேட்டுவிட்டார்.

"இதுவாக்கா? இது என் தம்பி. துவாஸ்ல வேலை செய்யிறான், போன மாசம்தான் அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, தேவகி அடுத்த சேலையைப் பிரித்தாள்.